மூட்டு மாற்று அறுவை மருத்துவர் உருவாகும் வழி: பயிற்சி குறித்த நிலைப்பாடுகள், ஒரு மறுபார்வை

கேள்வியும் களமும்

தேய்ந்துபோன மூட்டின் பரப்புகளை வெட்டி நீக்கி, உலோகமும் பாலிஎத்திலீன் என்னும் உறுதியான நெகிழியும் சேர்ந்த செயற்கை மூட்டைப் பொருத்தும் தகுதியை ஒரு மருத்துவர் எப்போது அடைகிறார் என்ற கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டு வந்துள்ளன. தேர்ந்த ஆசானுடன் பணியாற்றியதே தகுதி என்றனர் சிலர். பல்கலைக்கழகப் பட்டமும் தேர்வுமே சான்று என்றனர் வேறு சிலர். செய்து முடித்த அறுவைகளின் எண்ணிக்கை, தனித்தனியே அளந்து பார்த்த திறன், துல்லியமான கருவி, நோயாளியின் உடலில் அந்த மூட்டு உழைத்த காலம் எனப் பிற அளவுகோல்களும் ஒன்றன்பின் ஒன்றாக முன்வைக்கப்பட்டன. இவற்றுள் எதுவும் முந்தையதை முற்றிலும் நீக்கிவிடவில்லை. இன்றைய பயிற்சி முறை இவை அனைத்தின் கலவையாகவே உள்ளது.

இக்கேள்வி மாநகரப் பெருமருத்துவமனைகளுக்கு மட்டும் உரியதன்று. திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வெறுங்காலுடன் நடப்போரில் முதியோரும் பெருந்திரளாக உள்ளனர். தரையில் சம்மணமிட்டு உண்பதும், குத்துக்காலிட்டுக் களை பறிப்பதும், கோயிலில் விழுந்து வணங்கி எழுவதும் அன்றாடமாக உள்ள ஒரு மாவட்டத்தில் முழங்கால் தேய்வு நடையைத் தடுக்கும் வலியோடு நின்றுவிடுவதில்லை. வாழ்க்கை முறையையே மாற்றிவிடுகிறது. 1989-இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து உருவான இம்மாவட்டத்தின் நோயாளிகள் நெடுங்காலம் வேலூர், புதுச்சேரி, சென்னை ஆகிய ஊர்களையே நம்பியிருந்தனர். கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் மாவட்டத் தலைநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட பின்னர், இத்தகைய நுட்பமான அறுவையை இங்கே யார் செய்ய வேண்டும், அவர் எங்கே எவ்வாறு பயில வேண்டும் என்ற கேள்வி நடைமுறைக் கேள்வியாகிவிட்டது.

ஆசானின் அருகே பயிலுதல்

செயற்கை மூட்டு முயற்சிகள் பழமையானவை. ஜெர்மனியில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் 1890-ஐ ஒட்டி யானைத் தந்தத்தாலான மூட்டுகளைப் பொருத்திப் பார்த்தார். 1938-இல் லண்டனில் பிலிப் வைல்ஸ் எஃகாலான இடுப்பு மூட்டைப் பொருத்தினார். எனினும், நம்பத்தகுந்த முறை என்ற நிலையை இவ்வறுவை எட்டியது இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லியின் முயற்சியால்தான். அவர் முதலில் டெஃப்லான் என்னும் வழுவழுப்பான பொருளால் மூட்டுக் கிண்ணங்களைச் செய்து பொருத்தினார். சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்து, உதிர்ந்த துகள்கள் சுற்றியுள்ள திசுவைப் புண்ணாக்கின. பல நோயாளிகளுக்கு மீண்டும் அறுவை செய்ய நேர்ந்தது. 1962 நவம்பரில் அவர் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீனுக்கு மாறினார். அந்த வடிவமே பின்வந்த அனைத்துக்கும் அடிப்படையாயிற்று.

பயிற்சியின் வரலாற்றில் சார்ன்லியின் இடம் அவர் கண்ட வடிவத்தால் மட்டும் அமைந்ததன்று. தம் செயற்கை மூட்டை ரைட்டிங்டனுக்கு வந்து முறையைக் கற்றவர்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று 1960களில் உற்பத்தி நிறுவனத்தைக் கட்டுப்படுத்தியவர் அவர். கருவியையும் அதைக் கையாளும் கையையும் பிரிக்கக் கூடாது என்பதே இதன் உட்பொருள். டெஃப்லான் தோல்வி கற்பித்த பாடம் இக்கட்டுப்பாட்டின் பின்னணியில் இருந்திருக்கலாம்.

தமிழகத்திலும் எலும்பியல் வளர்ந்த வழி ஆசான்–மாணவர் மரபே. சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறையை வளர்த்தெடுத்தவர்களுள் எம். நடராஜன் முதன்மையானவர். அவருடைய மகன் மயில்வாகனன் நடராஜன், எலும்புப் புற்று கண்ட கால்களை வெட்டியெடுப்பதற்கு மாற்றாக, நோயாளிக்கேற்ப வடிவமைத்த பெரிய செயற்கை எலும்பு–மூட்டுகளை உள்நாட்டிலேயே செய்து பொருத்தும் முறையை வளர்த்தார். 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் தசைநாண் அறுவைகளை அங்கேயே வகுத்து, அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தார். இவ்விரு எடுத்துக்காட்டுகளும் உள்ளூர் நோயாளியின் தேவையிலிருந்து அறுவை முறையும் பயிற்சியும் ஒருசேரப் பிறக்கக்கூடும் என்பதைக் காட்டுகின்றன.

இம்முறையின் குறைபாடுகளும் தெளிவானவை. மாணவர் அடையும் தரம் ஆசானின் தரத்தையும் மனத்தையும் பொறுத்தது. ஆசானின் பழக்கம் பிழையானதாக இருந்தாலும் அது மரபாகக் கடத்தப்படுகிறது. யாருக்கு இடம் கிடைக்கிறது என்பதில் குடும்பம், ஊர், அறிமுகம் ஆகியவற்றின் பங்கை மறுக்க முடியாது. ஆசான் அளிக்கும் சான்றைச் சரிபார்க்கப் பொதுவான அளவுகோலும் இல்லை.

பட்டமும் தேர்வும்

இக்குறைகளுக்கு மாற்றாக வந்ததே பொதுத் தேர்வும் பட்டமும் தகுதியை உறுதி செய்யும் முறை. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியுடன் ஐந்தரை ஆண்டுகள் ஆகின்றன. நீட் முதுநிலைத் தேர்வின் வழியே எலும்பியலில் எம்.எஸ். அல்லது டி.என்.பி. இடம் பெற்றால் மேலும் மூன்று ஆண்டுகள். பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் நுழைபவர் தடையின்றிப் படித்தாலும் எலும்பியல் மருத்துவராக வெளிவரும்போது இருபத்தாறு, இருபத்தேழு வயதாகிவிடும். நடைமுறையில் நுழைவுத் தேர்வுக்கான ஆயத்தம் இன்னும் சில ஆண்டுகளை விழுங்குகிறது.

தமிழகத்தில் இவ்வழிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் பணியாற்றும் மருத்துவர்களுக்கு முதுநிலை இடங்களில் ஒதுக்கீடு அளிக்கும் மரபு இங்கே நெடுநாளாக உள்ளது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதிகளை முன்னிட்டு இது கேள்விக்குள்ளானபோது, தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, இத்தகைய ஒதுக்கீட்டை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்தது. ஜவ்வாது மலை போன்ற பகுதியில் பணியாற்றிய ஒருவர், பின்னர் எலும்பியல் பயின்று அரசுப் பணிக்கே திரும்புவதற்கான வழி இதனால் திறந்திருக்கிறது. மாவட்ட மருத்துவமனைக்கு நிபுணர் கிடைப்பதற்கு இவ்வழி பெரிதும் துணைநிற்கிறது என்பதே இதை ஆதரிப்போர் வாதம்.

ஆனால், மூட்டு மாற்றைப் பொறுத்தவரை எம்.எஸ். பட்டம் எதை உறுதி செய்கிறது என்பது விவாதத்துக்குரியது. அரசு மருத்துவக் கல்லூரியின் எலும்பியல் யூனிட்டில் முதுநிலை மாணவரின் நாள்களைப் பெரிதும் எடுத்துக்கொள்வது விபத்துச் சிகிச்சையே. புதுச்சேரி–கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலை ஊடறுத்துச் செல்லும் திருவண்ணாமலை போன்ற மாவட்டங்களில் டூட்டி இரவுகள் முறிந்த தொடை, காலெலும்புகளோடு கழிவது இயல்பு. எனவே மாணவர் ஆணி பொருத்துவதிலும் தகடு பொருத்துவதிலும் கைதேர்ந்து வெளிவருகிறார். மூட்டு மாற்றில் அவர் பொதுவாகத் தம் கையால் முதலில் செய்வது, முதியவரின் தொடையெலும்புக் கழுத்து முறியும்போது பந்துப் பகுதியை மட்டும் மாற்றும் பாதி மூட்டு மாற்று. முழு இடுப்பு மாற்றிலும் முழங்கால் மாற்றிலும் அவர் பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது உதவியாளராகவே நிற்கிறார். பட்டம் ஒன்றே, அதன் பின்னுள்ள அனுபவம் கல்லூரிக்குக் கல்லூரி பெரிதும் வேறுபடுகிறது.

எண்ணிக்கையே திறன் என்னும் வாதம்

இந்த இடைவெளியை நிரப்ப எழுந்ததே ஃபெலோஷிப் எனப்படும் பட்டத்துக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி. தேசியத் தேர்வு வாரியம் மூட்டு மாற்றுக்கென எஃப்.என்.பி. என்னும் பயிற்சியை நடத்துகிறது. தனியார் மருத்துவமனைகள் சில மாதங்கள் முதல் ஓரிரு ஆண்டுகள் வரையிலான பயிற்சிகளை வழங்குகின்றன. பிரிட்டன், ஜெர்மனி, தென்கொரியா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளுக்குச் சென்று பயில்வோரும் உண்டு. இவற்றின் அடிப்படை நம்பிக்கை ஒன்றே: திரும்பத் திரும்பச் செய்வதால் கை பழகுகிறது.

இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத் தரவுகளை ஆராய்ந்து 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆய்வு, ஆண்டுக்கு 35-க்குக் குறைவாக முழு இடுப்பு மாற்று செய்யும் மருத்துவர்களின் நோயாளிகளிடம் மூட்டு நழுவுதலும் மறு அறுவையும் கூடுதலாக இருந்தன எனக் கண்டது. அமெரிக்க முதியோர் காப்பீட்டுத் தரவுகளைக் கொண்டு 2001-இல் வெளிவந்த ஆய்வும் இதே போக்கைச் சுட்டியது.

எனினும், இவ்வெண்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது. மேலை நாடுகளில் முதுமைத் தேய்வால் இடுப்பு மாற்று செய்துகொள்வோர் மிகுதி. இந்தியாவில் முழங்கால் மாற்றே பெரும்பான்மை. இங்கே இடுப்பு மாற்றுக்கு வருவோரில் இளம் வயதினர் கணிசமாக உள்ளனர். ரத்த ஓட்டம் தடைபட்டுத் தொடையெலும்பின் தலை மடிந்துபோனவர்கள், முதுகும் இடுப்பும் இறுகிப்போகும் மூட்டு நோய் கொண்டவர்கள், முறிவுக்குப் புத்தூர் கட்டு போன்ற நாட்டுமுறைக் கட்டுகளை மட்டும் போட்டுக்கொண்டு காலம் கடந்து வருபவர்கள் ஆகியோரின் மூட்டமைப்பு உருக்குலைந்திருக்கும். எளிய அறுவைகள் நூறு செய்தவரும் இத்தகைய ஒன்றில் திணறக்கூடும். மேலும், எண்ணிக்கையே புகழும் வருமானமும் ஆகும் இடத்தில், அறுவை தேவையா என்று தீர்மானிக்கும் நிதானம் குறைய வாய்ப்புண்டு. மருந்து, எடைக் குறைப்பு, தசைப் பயிற்சி ஆகியவற்றால் இன்னும் சில ஆண்டுகள் ஓட்டக்கூடிய முழங்காலை அடையாளம் காண்பதும் இம்மருத்துவர் பெற வேண்டிய திறனே.

திறனைப் பகுத்து அளத்தல்

ஆண்டுகளையும் எண்ணிக்கையையும் விடுத்து, திறனையே நேரடியாக அளக்க வேண்டும் என்பது அடுத்த நிலைப்பாடு. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் எலும்பியல் துறை 2009-இல் இவ்வடிப்படையிலான பயிற்சியைச் சோதனை முறையில் தொடங்கியது. இந்தியாவிலும் 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் திறன் அடிப்படைக்கு மாற்றப்பட்டது.

முழங்கால் மாற்றின் ஒரு கட்டத்தை அருகிலிருந்து நோக்கினால் இவ்வாதத்தின் வலிமை புலப்படும். நம் நாட்டில் காலம் கடந்து வரும் முழங்கால்கள் பெரும்பாலும் வெளிப்புறமாக வில்போல் வளைந்திருக்கும். உட்பக்கத் தசைநார் சுருங்கியும் வெளிப்பக்கத் தசைநார் தளர்ந்தும் இருக்கும். தொடையெலும்பின் அடிமுனையையும் காலெலும்பின் மேல்முனையையும் சில மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டியபின், கால் நீட்டிய நிலையிலும் மடக்கிய நிலையிலும் எலும்புகளுக்கிடையே உள்ள இடைவெளி ஒத்திருக்கிறதா என்று அளவுக்கட்டையைச் செருகிப் பார்க்கின்றனர். உட்பக்கம் இறுகியிருந்தால் தசைநாரைச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். அளவு மீறினால் மூட்டு ஆட்டம் காணும், குறைந்தால் வளைவு திரும்பும். பின்னர் எலும்பு சிமென்ட் எனப்படும் அக்ரிலிக் பசையைக் குழைக்கின்றனர். தூளும் திரவமும் சேர்ந்த கலவை மாவுப் பதத்துக்கு வந்து இறுகும் சில நிமிடங்களுக்குள் உறுப்புகளைப் பொருத்தி, வழிந்த மிச்சத்தை நீக்கி, காலை அசையாது பிடித்திருக்க வேண்டும். வெட்டுதல், தளர்த்துதல், சிமென்ட் இடுதல் ஆகிய ஒவ்வொன்றையும் செயற்கை எலும்பிலும் பதப்படுத்திய உடலிலும் பயிற்றுவித்து, தனித்தனியே மதிப்பெண் இட முடியும்.

ஆனால், தசைநார் போதிய அளவு தளர்ந்துவிட்டது என்று விரல் உணரும் கணத்தை மதிப்பெண் தாளில் அடக்குவது கடினம். எதிர்பாராது எலும்பு விரிசல் விடும்போது என்ன செய்வது என்ற முடிவும் அத்தகையதே. பயிற்றுநர்களுக்கு நேரமும் பயிற்சிக் கூடங்களுக்குப் பணமும் தேவை. அவை போதாத இடங்களில் திறன் பதிவேடு, கையெழுத்து வாங்கி நிரப்பும் ஏடாகச் சுருங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

கருவி ஈடு செய்யுமா?

மருத்துவரின் கைத்திறனில் உள்ள வேறுபாட்டைக் கருவியே சமன் செய்துவிடும் என்ற நம்பிக்கை புதிதன்று. 1992-இல் அமெரிக்காவில் ரோபோடாக் என்னும் இயந்திரம் மனித இடுப்பு மாற்றில் முதன்முதலாகப் பயன்பட்டது. கடந்த பத்தாண்டில் ரோபோ உதவியுடன் செய்யும் முழங்கால் மாற்று சென்னை, கோவை போன்ற நகரங்களின் தனியார் மருத்துவமனைகளில் பரவி, விளம்பரப் பலகைகளிலும் இடம்பெற்றுவிட்டது.

எலும்பை வெட்டும் கோணத்தில் இக்கருவி துல்லியத்தைக் கூட்டுகிறது என்பதை ஆய்வுகள் பொதுவாக ஏற்கின்றன. அத்துல்லியம் நோயாளியின் நடையிலும் மூட்டின் ஆயுளிலும் பிரதிபலிக்கிறதா என்பதே கேள்வி. தென்கொரியாவில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2020-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ரோபோ முறைக்கும் வழக்கமான முறைக்கும் இடையே நோயாளியின் இயக்கத்திலும் மூட்டு நீடிப்பதிலும் வேறுபாடு காணவில்லை. அங்கே ஆராயப்பட்டது முந்தைய தலைமுறைக் கருவி என்பதால், இன்றைய கருவிகளுக்கு இம்முடிவு முழுதும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. பயிற்சி நோக்கில் மற்றொரு கவலையும் எழுப்பப்படுகிறது: தொடக்கம் முதலே கருவியோடு பழகியவர், அது பழுதாகும் நாளிலும் அது இல்லாத மாவட்ட மருத்துவமனையிலும் என்ன செய்வார்?

பதிவேடு என்னும் நீண்ட தேர்வு

மேற்கண்ட நிலைப்பாடுகள் அனைத்தும் அறுவைக்கு முன்னரோ அறுவை அரங்கிலோ தகுதியைத் தேடுகின்றன. அறுவைக்குப் பிந்தைய ஆண்டுகளில் தேட வேண்டும் என்பது பதிவேட்டாளர்களின் வாதம். ஸ்வீடன் 1975-இல் முழங்காலுக்கும் 1979-இல் இடுப்புக்கும் தேசியப் பதிவேடுகளைத் தொடங்கியது. ஆஸ்திரேலியா 1999-இலும், இங்கிலாந்தும் வேல்ஸும் 2003-இலும் தொடர்ந்தன. எந்த மூட்டு, எந்த மருத்துவமனையில், யாரால் பொருத்தப்பட்டது, எப்போது மறு அறுவைக்கு வந்தது என்பதை இவை தொடர்ந்து குறிக்கின்றன. முழங்கால் மாற்றுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 82-உம், இடுப்பு மாற்றுகளில் ஏறத்தாழ 58-உம் 25 ஆண்டுகள் நீடிக்கின்றன என்று 2019-இல் லான்செட் இதழில் வெளிவந்த மதிப்பீடுகள் இத்தகைய நீண்டகாலத் தரவுகளால்தான் சாத்தியமாயின.

பதிவேட்டின் பயனை உலகுக்கு உணர்த்திய நிகழ்வு, உலோகத்தோடு உலோகம் உரசும் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டின் தோல்வி. அம்மூட்டு அளவுக்கு மீறி மறு அறுவைக்கு வருவதை ஆஸ்திரேலியப் பதிவேடு முன்னரே சுட்டியது. 2010 ஆகஸ்டில் தயாரிப்பு நிறுவனம் அதை உலகெங்கும் திரும்பப் பெற்றது. இந்தியாவில் அது சுமார் 4,700 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. அவர்களுள் பலரைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது என்பது, இங்கே கட்டாயப் பதிவேடு இல்லாததன் விளைவு. இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர்களின் இந்தியச் சங்கம் நடத்தும் பதிவேடு விருப்பத்தின் பேரிலானது. நல்ல முடிவுகளை உடையவர்களே முன்வந்து பதியும் சாய்வு அதில் தவிர்க்க முடியாதது.

பதிவேட்டுக்கும் எல்லை உண்டு. மறு அறுவைக்கு வராத நோயாளி நலமாக இருக்கிறார் என்று அது கருதிக்கொள்கிறது. ஆனால் வலியோடும் பணமின்மையோடும் வீட்டிலேயே இருந்துவிடும் கிராமத்து மூதாட்டி கணக்கில் வரமாட்டார். முடிவுகளை மருத்துவர் வாரியாக வெளியிட்டால், சிக்கலான நோயாளிகளை ஏற்க மருத்துவர்கள் தயங்கக்கூடும் என்ற அச்சமும் ஆதாரமற்றதன்று.

மாவட்டமா, மாநகரமா?

அறுவைகளைச் சில பெரிய மையங்களில் குவிப்பதா, மாவட்டங்களுக்குப் பரப்புவதா என்ற கேள்வியில் இந்நிலைப்பாடுகள் நேருக்கு நேர் மோதுகின்றன. எண்ணிக்கை வாதம் குவிப்பதை ஆதரிக்கிறது. நோயாளியின் வசதி பரப்புவதை ஆதரிக்கிறது. முழங்கால் மாற்றியவர் அறுவைக்குப்பின் பல வாரங்கள் பயிற்சி செய்ய வேண்டும். புண்ணில் நீர் கசிந்தால் உடனே வந்து காட்ட வேண்டும். கிருமித் தொற்றுக்குத் தாமதம் பெரும் கேடு. திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கத்திலிருந்தோ ஜமுனாமரத்தூரிலிருந்தோ சென்னைக்குச் சென்று அறுவை செய்துகொண்டவர் இதைச் செய்வது எளிதன்று.

பொருளாதாரத் தடை ஓரளவு தளர்ந்துள்ளது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் முழங்கால் உறுப்புகளுக்கு உச்ச விலை விதித்தபோது, அதிகம் பயன்படும் கோபால்ட்–குரோமியம் வகையின் விலை 54,720 ரூபாயாக வரையறுக்கப்பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் மூட்டு மாற்றை உள்ளடக்குகிறது. பணத்தடை தளரும்போது, பயிற்சி பெற்ற கைகளும், தொற்றற்ற அறுவை அரங்கும், இயன்முறை மருத்துவரும் எங்கே உள்ளனர் என்பதே முதன்மைக் கேள்வியாகிறது.

முதுநிலை மாணவர்கள் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்னும் மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டம் இத்திசையில் ஒரு தொடக்கம். ஆனால் அது மாணவரை மாவட்டத்துக்கு அனுப்புகிறதே தவிர, மாவட்டத்தில் ஏற்கெனவே பணியாற்றும் எலும்பியல் மருத்துவரைப் பெரிய மையத்துக்கு அனுப்பிப் பழக்கித் திரும்ப அழைப்பதில்லை.

மதிப்பீடு

இதுவரை கண்ட நிலைப்பாடுகளில் ஒன்றை மட்டும் ஏற்றுப் பிறவற்றைத் தள்ளுவதற்குச் சான்றுகள் இடம் தரவில்லை. ஆசான் இன்றிக் கைப்பக்குவம் கடத்தப்படுவதில்லை. பட்டம் இன்றிக் குறைந்தபட்சத் தரம் இல்லை. எண்ணிக்கை இன்றிப் பழக்கம் இல்லை. இவற்றுள் எதுவும் நோயாளிக்கு நேர்ந்ததைத் தானாகச் சொல்வதில்லை என்பதே பொதுவான பலவீனம். பயிற்சிக் காலம் முடிந்து மாணவர் விடைபெறும்போது, அவர் பங்கேற்று மாற்றிய மூட்டுகளின் உண்மையான வாழ்க்கை அப்போதுதான் தொடங்குகிறது. தம் பணியின் விளைவை அறியாமலேயே அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்.

சில கேள்விகள் திறந்தே உள்ளன. இந்திய முழங்கால்களுக்கு, அதிலும் தரையில் அமர்ந்து எழும் வாழ்க்கைக்கு, ஒரு மருத்துவர் ஆண்டுக்குக் குறைந்தது எத்தனை அறுவை செய்ய வேண்டும் என்பதற்கு இங்குள்ள தரவுகளின் அடிப்படையிலான விடை தேவை. மாவட்ட மருத்துவமனைகளின் முடிவுகள் மாநகர மையங்களுக்கு இணையாகுமா, ரோபோ கருவியின் செலவு நோயாளிக்கு ஈடான பயன் தருமா என்பனவும் தீராதவை. இவற்றுக்கெல்லாம் விடை தேடும் வழி ஒன்றே: பொருத்தப்படும் ஒவ்வொரு மூட்டும் கட்டாயமாகப் பதியப்பட்டு, ஆண்டுதோறும் பின்தொடரப்பட வேண்டும்.

தமிழகத்துக்கு இது எட்டாத செயலன்று. அரசுக் காப்பீட்டில் நடைபெறும் அறுவைகளின் விவரங்கள் பணம் பெறுவதற்காக ஏற்கெனவே பதியப்படுகின்றன. அவற்றோடு மறு அறுவை, தொற்று, நோயாளியின் நடை ஆகியவற்றைச் சேர்த்தால் மாநிலப் பதிவேட்டுக்கு அடித்தளம் அமைந்துவிடும். அதனுடன், மாவட்ட எலும்பியல் மருத்துவர் ஆண்டில் சில வாரங்கள் பெரிய மையத்தில் பயின்று திரும்பவும், அம்மையத்தின் மூத்தவர் மாவட்டத்துக்கு வந்து கடினமான அறுவைகளில் உடன் நிற்கவும் முறையான ஏற்பாடு வேண்டும். அரசும் மருத்துவப் பல்கலைக்கழகமும் எலும்பியல் சங்கங்களும் இவ்விரண்டையும் காலம் தாழ்த்தாமல் தொடங்க வேண்டும்.